பெட்டி ரெடி, செருகத்தான் இடம் இல்லை – கார்டன் ரீச்சிலிருந்து ஒரு போன் சரித்திரம்

ஊரில் கடை, பட்டறை, சின்னதாய் ஒரு ஆபீஸ் என்று ஏதாவது நடத்தும் சொந்தக்காரர்கள் நம் எல்லோருக்கும் உண்டு. நான் தொலைத்தொடர்புத் துறையில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் அவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "தம்பி, நம்ம கடைக்கு ஒரே நம்பர் வேணும், நாலு டேபிள்லயும் போன் அடிக்கணும், குடோனுக்கும் மாத்திக் குடுக்கணும். செலவு கம்மியா ஏதாச்சும் இருக்கா?"

இருக்கிறது. இன்டர்நெட் வயரில் செருகினால் தானாகவே வேலை செய்யத் தொடங்கும் போன்கள் இருபது வருடங்களுக்கு மேலாகவே கிடைக்கின்றன. அமெரிக்காவில் பல் டாக்டர் கிளினிக்கிலிருந்து பிட்சா கடை வரைக்கும் வைத்திருக்கிறார்கள். பிறகு ஏன் நம்மூர்க் கடைகளில் அது கண்ணில் படவே இல்லை? "நம்மாளுங்க காசு செலவழிக்க மாட்டாங்க" என்பது வழக்கமான பதில். அது சரியில்லை என்பது என் கட்சி. காரணம் 1885-ல் போட்ட ஒரு சட்டத்தில் இருக்கிறது. அதுவும் நான் இப்போது வேலை பார்க்கும் இந்த ஊர் தலைநகராக இருந்தபோது போட்ட சட்டம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

நான் இருப்பது கொல்கத்தா கார்டன் ரீச். ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரை. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகள் வரிசையாக இருந்ததால் இந்தப் பெயர். இன்றைக்குத் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம், கப்பல் கட்டும் தளம், துறைமுகம், அதை ஒட்டி மெட்டியாபுரூஸ் என்கிற தையற்காரர்களின் பேட்டை. நம்மூர் ஆட்கள் ரயில்வே வேலைக்கென்று பல காலமாக வந்து போகிற இடம்தான்.

இங்கிருந்து ஆற்றைப் பார்த்தால் எதிர்க்கரையில் மரங்கள் அடர்ந்து தெரிவது சிப்பூர் தாவரவியல் பூங்கா. பெரிய ஆலமரத்துக்குப் பேர்போன அதே பூங்கா. டூரிஸ்ட்டுகள் ஆலமரத்தைப் பார்ப்பார்கள். என்னைப் போன்ற ஒயர் ஆசாமிகளுக்கு அது வேறு விதத்தில் புண்ணிய ஸ்தலம் :-)

1839-ல் வில்லியம் ஓஷானஸி என்ற அயர்லாந்துக்கார டாக்டர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர், அந்தப் பூங்காவுக்குள் மூங்கில் நட்டு பல மைல் நீளத்துக்கு இரும்புக் கம்பி இழுத்துத் தந்தி சோதனை செய்தார். சங்கேதங்களை விரலில் மின்னதிர்ச்சியாக வாங்கிப் படித்துப் பார்த்தார். தாரில் முக்கிய சணலையும் பிரம்பையும் சுற்றிய கம்பியை ஆற்றுக்கு அடியிலும் போட்டுப் பார்த்தார். மோர்ஸ் அமெரிக்காவில் வாஷிங்டன்–பால்டிமோர் தந்தியைக் காட்டியது 1844-ல். அதற்கு ஐந்து வருடம் முன்னால் நடந்தது இது.

இதில் எனக்குப் பிடித்தது அவர் சாமான் வாங்கிய விதம். கம்பம் மூங்கில், காப்பு உள்ளூர் தார், கருவிகள் உள்ளூரில் செய்தவை. சீமையிலிருந்து சாமான் வந்து சேரும்வரை காத்திருக்கவில்லை. அவருடைய உதவியாளர் சிவ சந்திர நந்தி என்ற வங்காளி பிற்பாடு பத்மா ஆற்றில் ஏழு மைல் கேபிள் போட வேண்டி வந்தபோது, நீராவிப் படகுச் செலவு கட்டாது என்று மீன்பிடிப் படகுகளை வைத்தே போட்டு முடித்தார். இந்தியாவில் தொலைத்தொடர்பு தொடங்கியதே மலிவான, கையில் கிடைத்ததை வைத்துச் செய்த வேலையாகத்தான். அறிவுக்கும் குறைச்சல் இல்லை, சிக்கனத்துக்கும் குறைச்சல் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒயர் யாருடையது?

1851-ல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்குத் தந்தி லைன் போனது. 1855-ல் பொதுமக்களும் காசு கொடுத்துத் தந்தி அனுப்பலாம் என்று திறந்துவிட்டார்கள். ஆனால் ஒயரின் சொந்தக்காரர் கம்பெனி சர்க்கார்தான்.

அதற்கு அடுத்த வருடம், 1856 மே மாதம், அவத் ராஜ்யத்தைப் பறிகொடுத்த நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்கு வந்து மெட்டியாபுரூஸில் தங்கினார். கூடவே சமையற்காரர்கள், பாடகர்கள், பட்டம் செய்கிறவர்கள், தையற்காரர்கள். கொல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு வந்த கதையை நவாபின் சமையலறையோடு முடிச்சுப் போடுவார்கள். தையலும் அப்படித்தான், அந்த வட்டாரத்தில் வேர் பிடித்தது. இன்றைக்கு வீட்டுத் திண்ணைகளும் பட்டறைகளுமாக, 'ஓஸ்தாகர்' எனப்படும் மேஸ்திரிகளின் கீழ் ஆயிரக்கணக்கானவர்கள் துணி வெட்டித் தைக்கிறார்கள். வாரக் கடைசியில் கூடும் ஹாட்டுக்குப் பல மாநிலங்களிலிருந்து மொத்த வியாபாரிகள் வருகிறார்கள். நம் கதையில் 'சின்ன வியாபாரி' என்று யாரையாவது நிறுத்த வேண்டுமென்றால் இந்த ஓஸ்தாகரை நிறுத்தலாம்.

அடுத்து டெலிபோன். 1880-ல் இரண்டு கம்பெனிகள் இந்தியாவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வைக்க அனுமதி கேட்டன. "கூடாது, இது சர்க்காரின் ஏகபோகம், நாங்களே செய்துகொள்கிறோம்" என்று பதில் வந்தது. 1881-ல் மனது மாறி ஓரியன்டல் டெலிபோன் கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். 1882 ஜனவரி 28-ல் கவுன்சில் ஹவுஸ் தெரு ஏழாம் எண் கட்டிடத்தில் கல்கத்தாவின் சென்ட்ரல் எக்ஸ்சேஞ்ச் முறைப்படி திறக்கப்பட்டது. சந்தாதாரர்கள் மொத்தம் 93 பேர்.

மூன்று வருடம் கழித்து 1885-ல் இந்தியத் தந்திச் சட்டம் வந்தது. அப்போது தலைநகர் கல்கத்தா. அதன் நான்காவது பிரிவு சுருக்கமாகச் சொல்வது இதுதான்: இந்தியாவுக்குள் தந்தி அமைக்கவும் நடத்தவும் சர்க்காருக்கு மட்டுமே உரிமை, மற்றவர்களுக்கு லைசென்ஸ் கொடுத்தால் உண்டு. சட்டம் வந்தபோது வாஜித் அலி ஷா உயிரோடு மெட்டியாபுரூஸில்தான் இருந்தார், இறந்தது 1887-ல். வெள்ளைக்காரன் போனான், தலைநகர் டில்லிக்குப் போனது, டெலிபோன் கம்பெனி அரசுடைமை ஆனது. சட்டம் மட்டும் அசையவில்லை. டெலிபோன், டெலக்ஸ், செல்போன், இன்டர்நெட் என்று எது வந்தாலும் அந்த 'தந்தி' என்ற சொல்லுக்குள்ளேயே அடைத்தார்கள்.

பி.பி. நம்பர் காலம்

இதை வாசிக்கிற பெரியவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். டெலிபோனுக்கு எழுதிப்போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம். ட்ரங்க் கால், அவசரமென்றால் லைட்னிங் கால். சின்னக் கடைக்காரர்களின் விசிட்டிங் கார்டில் நம்பருக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருக்கும். பக்கத்து மருந்துக் கடையிலோ மாடி வீட்டிலோ போன் அடிக்கும், அவர்கள் குரல் கொடுத்தால் நாம் ஓட வேண்டும். கடைக்கென்று ஒரு நம்பர் என்பது அந்தஸ்து.

இரண்டு விஷயங்கள் இதை மாற்றின. 1984-ல் டெலிபோன் கருவி, பிபிஎக்ஸ் போன்றவற்றைத் தயாரிக்கத் தனியாரை அனுமதித்தார்கள். அதே வருடம் சாம் பிட்ரோடாவின் முயற்சியில் சி-டாட் ஆரம்பமானது. அவர்கள் முதலில் செய்ததில் ஒன்று 128 போர்ட் பிபிஎக்ஸ். அதே அடிப்படையில் கிராமத்துக்கான சின்ன எக்ஸ்சேஞ்ச். 1986-ல் கர்நாடகாவின் கிட்டூரில் முதலில் வைத்தார்கள். குளிரூட்டி வேண்டாம், தூசி தாங்கும், வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வைக்கலாம். ஓஷானஸியின் மூங்கில் கம்பம் மாதிரியே, நம்மூர் வெயிலுக்கு ஏற்றபடி செய்த சாமான்.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு 1990-களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. ஒரு லைன் போட ஆகும் மூலதனத்தைக் குறைத்தால்தான் மாத வாடகை குறையும், வாடகை குறைந்தால்தான் ஏழைக்கு எட்டும் என்பது அவருடைய கணக்கு. சுவரில் மாட்டும் ஒரு பெட்டியிலிருந்து போனும் பேசலாம், அதே நேரத்தில் 35 கிலோபிட் வேகத்தில் இன்டர்நெட்டும் பார்க்கலாம். மதுரைப் பக்கம் மேலூர் வட்டார கிராமங்களில் 2001 முதல் இதை வைத்துத்தான் இன்டர்நெட் மையங்கள் நடந்தன. குரலும் இன்டர்நெட்டும் ஒரே பெட்டியில் வந்துவிட்டன என்பதைக் கவனியுங்கள்.

ஆக, மலிவாகப் பெட்டி செய்வது நமக்குப் புதிதில்லை.

அமெரிக்காவில் ஒரு மாணவர், பிபிஎக்ஸ் வாங்கக் காசில்லாமல்

1995-ல் வோக்கல்டெக் என்ற இஸ்ரேல் கம்பெனி, கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வழியாகப் பேசும் மென்பொருளை விற்க ஆரம்பித்தது. மைக்கில் பேசி, நிறுத்தி, எதிராளி பேச்சு வரும் வரை காத்திருந்தவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும் :-)

1999-ல் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. ஒன்று, சிப் என்ற நெறிமுறையின் முதல் வடிவம் வெளியானது. எந்தக் கம்பெனி போனும் எந்தக் கம்பெனி சர்வரோடும் பேச ஒரு பொது பாஷை. இன்னொன்று, அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர் லினக்ஸ் உதவிக்கென்று சின்னக் கம்பெனி ஆரம்பித்து, அதற்கு பிபிஎக்ஸ் வாங்க விலை கேட்டு மிரண்டு, தானே ஒரு மென்பொருள் எழுதிவிட்டார். அதுதான் ஆஸ்டரிஸ்க். பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் போதும், பெரிய கம்பெனிகளில் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் வசதி இலவசமாய்க் கிடைக்கும். உலகமெங்கும் விற்ற பல மலிவு ஆபீஸ் போன் பெட்டிகளுக்குள் ஓடியது இந்த ஆஸ்டரிஸ்க்தான்.

'செருகினால் வேலை செய்யும்' என்கிறார்களே, உள்ளே என்ன நடக்கிறது? போனை நெட்வொர்க் ஒயரில் செருகுகிறீர்கள். 2003-ல் வந்த ஒரு தரப்படி மின்சாரமும் அதே ஒயரில் வரலாம், தனி அடாப்டர் வேண்டாம். ரூட்டர் அதற்கு ஒரு முகவரி கொடுக்கிறது, "உன் விவரமெல்லாம் அந்த சர்வரில் இருக்கு, போய்க் கேள்" என்றும் சொல்கிறது. போன் தன் உடம்பில் பொறித்திருக்கும் வன்பொருள் எண்ணைச் சொல்லிக் கேட்கிறது. "நீ எக்ஸ்டென்ஷன் 102, உன் பாஸ்வேர்ட் இது" என்று பதில் வருகிறது. போன் பதிவு செய்துகொள்கிறது. டயல் டோன். எல்லாம் ஒரு நிமிடத்தில். ஒரு பேச்சுக்குச் சுருக்காத குரல் என்றால் 64 கிலோபிட், சுருக்கினால் 8 கிலோபிட், கூடவே கொஞ்சம் மேல்சுமை. 2005-ல் நம்மூரில் வந்த பிராட்பேண்டிலேயே இரண்டு மூன்று பேர் பேசியிருக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் இதை வேறு பெயரில் அறிவார்கள். அமெரிக்காவில் வோனேஜ் வாங்கி, 2009-ல் வந்த 24.99 டாலர் திட்டத்தில் ஊருக்கு மணிக்கணக்கில் பேசியவர்கள் எத்தனை பேர்! காலிங் கார்டைச் சுரண்டி நம்பர் அடித்த காலம் அதோடு போனது. லீவுக்கு வரும்போது அந்தப் பெட்டியையே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து அப்பா வீட்டு பிராட்பேண்டில் செருகிவிட்டுப் போன மகராசன்களும் உண்டு. மயிலாப்பூரில் அமெரிக்க நம்பர் அடிக்கும்!

பெட்டி வந்தது, அனுமதி வரவில்லை

இனிதான் 1885 குறுக்கே வருகிறது.

இந்தியாவில் இன்டர்நெட் டெலிபோனை 2002 ஏப்ரல் 1-ல் அனுமதித்தார்கள். ஆனால் எப்படி? கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம். கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம். இந்தியாவுக்குள் இருக்கும் சாதாரண போனுக்கோ செல்போனுக்கோ பேசக் கூடாது. அதாவது கார்டன் ரீச் ஓஸ்தாகர் இன்டர்நெட் போனில் நியூ ஜெர்சிக்குப் பேசலாம், நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பட்டன் கடைக்குப் பேச முடியாது! அவருக்கு நியூ ஜெர்சியில் என்ன வேலை?

இன்னொரு தடையும் உண்டு. சாதாரண லைனில் வந்த அழைப்பை இன்டர்நெட்டில் ஏற்றி இன்னொரு ஊர்க் கிளைக்கு மாற்றுவது, நீண்டதூரக் கட்டணத்தை ஏய்ப்பதாகக் கருதப்பட்டது. பெரிய கால் சென்டர்கள் வக்கீல் வைத்து, வங்கி உத்தரவாதம் கட்டி, குரல் லைனையும் டேட்டா லைனையும் பிரித்து வைத்துச் சமாளித்தன. பத்துத் தையல் மெஷின் வைத்திருப்பவர் எங்கே போவார்? விளைவு, கடைக்காரருக்கு விற்க வேண்டிய பெட்டியை யாரும் கடைக்காரருக்கு விற்கவில்லை. திருட்டு எக்ஸ்சேஞ்ச் நடத்துகிறவர்கள்தான் அதே தொழில்நுட்பத்தை வைத்து வெளிநாட்டு அழைப்புகளைக் கள்ளத்தனமாக இறக்கினார்கள்.

இதை யாரும் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-லேயே, கட்டுப்பாட்டை எடுத்துவிடலாம் என்று பரிந்துரை செய்தது. சர்க்கார் ஏற்கவில்லை. 2017-ல் மறுபடி பரிந்துரை. 2018-ல்தான் லைசென்ஸைத் திருத்தி, இன்டர்நெட் போனிலிருந்து எந்த நம்பருக்கும் பேச வழி செய்தார்கள். கால் சென்டர் விதிகள் 2020-லும் 2021-லும் தளர்ந்தன. பிபிஎக்ஸ் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார்கள். 1885 சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, 2024 ஜூனிலிருந்து பகுதி பகுதியாக அமலாக ஆரம்பித்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் மறுபக்கமும் இருக்கிறது. கோடிக்கணக்கில் லைசென்ஸ் கட்டணம் கட்டி, கிராமத்துக்கும் லைன் இழுக்க வேண்டிய கம்பெனிகள், ஒன்றுமே கட்டாத ஒருவன் இன்டர்நெட்டில் அதே சேவையைக் கொடுத்தால் சும்மா இருக்குமா? ஒட்டுக்கேட்பதற்கும் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதற்கும் அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும் என்பதும் உண்மையான கவலைதான். ஆனால் அதற்கு வழி கண்டுபிடிக்கப் பதினாறு வருடமா?

அந்தப் பதினாறு வருடத்தில்

காலம் யாருக்காகவும் நிற்கவில்லை. நாட்டின் முதல் செல்போன் அழைப்பே இந்த ஊரிலிருந்துதான். 1995 ஜூலை 31-ல் ஜோதி பாசு ரைட்டர்ஸ் கட்டிடத்திலிருந்து டில்லியில் சுக்ராமிடம் பேசினார். அப்போது நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரைக்கும் போனது, வருகிற அழைப்புக்கும் காசு. 2003-ல் வருகிற அழைப்பு இலவசமானது. 2006-ல் ஒரு ரூபாயில் நாடு முழுக்கப் பேசும் திட்டம் வந்தது. 2016-ல் ஜியோ வந்து பேச்சுக்குத் தனிக் காசே இல்லை என்றாக்கியது. "செலவு மிச்சம்" என்று இன்டர்நெட் போன்காரன் வந்து சொல்வதற்குள் மிச்சம் பிடிக்கச் செலவே இல்லாமல் போய்விட்டது.

அப்படியானால் நஷ்டம் என்ன? மெட்டியாபுரூஸ் ஹாட்டில் கொடுக்கும் விசிட்டிங் கார்டைப் பாருங்கள். கடைப் பெயருக்குக் கீழே நாலு செல் நம்பர் வரிசையாக இருக்கும். அண்ணன், தம்பி, மச்சான், கணக்குப்பிள்ளை. திருப்பூரிலும் சிவகாசியிலும் இதே கார்டுதான். ஆளுக்கு நம்பர் இருக்கிறது, கடைக்கு நம்பர் இல்லை.

இது சின்ன விஷயமில்லை. ஆர்டரும் டிசைன் போட்டோவும் கணக்குப்பிள்ளையின் வாட்ஸ்அப்புக்கு வருகிறது. அவர் வேலையை விட்டுப் போனால் நம்பரும் போகிறது, பத்து வருட வாடிக்கையாளரும் கூடவே போகிறார். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் கடையைப் பிரித்துவிடலாம், நம்பரைப் பிரிக்க முடியாது. அப்பா திடீரென்று காலமானால், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது பூட்டிய செல்போனுக்குள் போய்விடுகிறது. பி.பி. நம்பர் காலத்தில் ஊருக்கே ஒரு நம்பர், இப்போது ஆளுக்கு ஒரு நம்பர். நடுவில் 'கடைக்கு ஒரு நம்பர்' என்கிற படியைப் பெரும்பாலான சின்ன வியாபாரிகள் மிதிக்கவே இல்லை. மற்ற நாடுகளில் அந்தப் படியாக இருந்தது இந்த மலிவுப் பெட்டிதான். நம் ஆட்களின் கஞ்சத்தனம் அதற்குக் காரணமில்லை. வாங்கும் வயதில் பெட்டியை வாங்க விடவில்லை, விட்டபோது தேவை வேறு உருவத்துக்கு மாறியிருந்தது.

இப்போது கேட்கிற சொந்தக்காரருக்கு

செருகும் இடம் ஒருவழியாக வந்துவிட்டது. 2019-ல் வந்த ஜியோ ஃபைபர் போன்ற இணைப்புகளின் பெட்டிக்குப் பின்னால் பழைய போனைச் செருக ஒரு துளை இருக்கிறது. பிஎஸ்என்எல் ஃபைபரிலும் உண்டு. அதுவே இன்டர்நெட் போன்தான், யாரும் அப்படிச் சொல்லி விற்பதில்லை. நாலு டேபிளுக்கு வேண்டுமென்றால் சின்ன ஐபி பிபிஎக்ஸ் அல்லது மாத வாடகைச் சேவை. மூன்றைப் பாருங்கள். நம்பர், லைசென்ஸ் உள்ள கம்பெனியிடமிருந்து முறையாக வாங்கியதா? கரண்ட் போனால் ரூட்டருக்கும் பெட்டிக்கும் பேட்டரி இருக்கிறதா? முக்கியமாக, நம்பர் யார் பெயரில் இருக்கிறது? தம்பி பெயரில் வேண்டாம், கடை பெயரில் வாங்குங்கள். அதே நம்பரில் வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கையும் பதிவு செய்துகொள்ளலாம், சரிபார்ப்பு எண்ணை அழைப்பாகவே சொல்லும்.

ஊரில் அப்பாவோ மாமாவோ இன்னும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அடுத்த முறை பேசும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "கடை நம்பர் எது?" அவர் தன் செல் நம்பரைச் சொன்னால், செய்ய வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.